காலடியில் கிடக்கும் அறிவியல்: அலுவலகத்துக்குச் சிற்பம் செய்யக் கொடுக்கும்போது

தாம்பரம் பக்கம் ஒரு நிறுவனத்தின் வரவேற்பறையில் எட்டடி உயரத்துக்கு டி.என்.ஏ. சிற்பம் ஒன்று வைத்தார்கள். முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பஃபிங் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். முறுக்கிக்கொண்டு ஏறும் இரண்டு பட்டைகள், நடுவில் ஏணிப் படிபோலக் கம்பிகள். திறப்பு விழா முடிந்து பத்து நாள் இருக்கும். உயிர்வேதியியல் படித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், மேலாளரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், இது இடப்பக்கமா சுத்துது. நம்ம உடம்புல இருக்கறது வலப்பக்கமா சுத்தும்."

அவர் சொன்னது சரி. வடிவமைப்பாளர் எங்கிருந்தோ எடுத்த படத்தை, நுழைவாயிலிலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கும் என்று கணினியில் இடம் வலமாகத் திருப்பியிருந்தார். பட்டறைக்காரர் படத்தில் இருந்ததை அப்படியே செய்தார். மாதிரியைப் பார்த்துச் சம்மதம் சொன்னவர்களில் நானும் ஒருவன். முறுக்கைத் திருத்த வழியே கிடையாது, முழுவதையும் வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

இதைச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். எதிரே நின்று பாருங்கள். முன்பக்கம் தெரியும் பட்டை, இடது கீழிலிருந்து வலது மேலாக ஏறினால் அது வலம்சுழி. ஹார்டுவேர் கடையில் வாங்கும் சாதாரண போல்ட்டின் மரையும் வலம்சுழிதான். போல்ட்டைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அன்றிலிருந்து என் பையில் ஒரு அரை அங்குல போல்ட் இருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: டி.என்.ஏ.யின் இரு பட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்கள் சம அளவில் இருக்காது. ஒன்று அகலம், அடுத்தது குறுகல். ஏணியை முறுக்கியதுபோல இரண்டையும் சமமாக வைத்தால், படித்தவர்கள் கண்ணில் அது முதல் பார்வையிலேயே உறுத்தும்.

ஆனால் முறுக்கு சரியாக இருந்திருந்தாலும் அந்தச் சிற்பத்தை நான் இன்று பரிந்துரைக்க மாட்டேன். அது ஏன் அந்தக் கட்டடத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அறிவியல் என்றாலே டி.என்.ஏ., இல்லையென்றால் நடுவில் ஒரு உருண்டையைச் சுற்றி மூன்று வளையம் போட்ட அணு என்று பழகிவிட்டோம். படத்தைக் காட்டி "இதுபோல வேண்டும்" என்று கேட்டால் அதுபோல ஒன்றுதான் வரும். அதற்குப் பதிலாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கேள்வியை அறிந்த ஒரு விஞ்ஞானியையும், அதைக் கையால் செய்யக்கூடிய சிற்பியையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். கேள்வி உங்கள் தொழிலிலிருந்தோ உங்கள் கட்டடம் நிற்கும் மண்ணிலிருந்தோ வரட்டும்.

இந்தப் பக்கத்து மண்

தென்சென்னைப் புறநகரில் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு இதில் பஞ்சமே இல்லை.

பல்லாவரத்தில் தொடங்குவோம். 1863 மே 30ஆம் தேதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் பல்லாவரத்துச் சரளை மண்ணில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல் அது. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்று உலகம் அறிந்தது அந்தக் கல்லால்தான். உள்ளங்கையில் அடங்கும் கைக்கோடரி. இருபுறமும் செதில் செதிலாகத் தட்டி எடுத்து, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையைப் பிடிக்க வாகாக விட்டிருப்பார்கள். உற்பத்தித் தொழிலோ பொறியியலோ செய்யும் நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் எனக்குத் தோன்றவில்லை. ஆறடி உயரத்துக்குப் பெரிதாக்கி, ஒவ்வொரு செதில் தழும்பும் தெரிய கல்லிலேயே வடிக்கலாம். பக்கத்தில், கை வைத்துப் பார்ப்பதற்கு நிஜ அளவில் ஒரு நகல்.

எந்தக் கல்லில் என்பதற்கும் விடை அங்கேயே இருக்கிறது. பல்லாவரம், பரங்கிமலை, திரிசூலம் குன்றுகளின் கருநீலச் சாம்பல் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துப் பாறையைத்தான் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கல்லறையை வைத்து, தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தப் பாறை வகைக்கே அந்தப் பெயரைச் சூட்டினார். உலகில் எங்கே இந்த வகைப் பாறை கிடைத்தாலும் நம்மூர்ப் பாறையோடுதான் ஒப்பிடுகிறார்கள். பரங்கிமலையிலுள்ள பாறையைத் தேசியப் புவியியல் சின்னமாகவும் அறிவித்திருக்கிறார்கள். பூமிக்கு வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான பாறை இது, வயது சுமார் 250 கோடி ஆண்டு. உளிக்கு எளிதில் மசியாத இந்தக் கல்லைத்தான் பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்து குடைவரை எடுத்தான். குரோம்பேட்டைக்கும் பம்மலுக்கும் தினமும் போய்வருகிறவர்கள் குவாரிக் குட்டைகளாகப் பார்ப்பதும் இதே பாறை விட்டுச்சென்ற குழிகளைத்தான். கல் வாங்கும்போது எந்தக் குவாரி, உரிமமும் போக்குவரத்துச் சீட்டும் இருக்கின்றனவா என்று கேட்டு நகல் வாங்கி வையுங்கள். திருட்டுக் கல்லில் புவியியலைக் கொண்டாடக் கூடாது.

பழைய மகாபலிபுரம் சாலையில், பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கம் உள்ளவர்களுக்கு வேறொரு விஷயம் காத்திருக்கிறது. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணியின் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது பரங்கிமலை அருகே. கோட்டின் மறுமுனை பெரும்பாக்கம் குன்று. இடையில் ஏழரை மைல், கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். நூறடி நீள எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி 57 நாள் அளந்தார்கள். பின்னாளில் இமயமலையின் உயரத்தைக் கணக்கிடும்வரை போன வேலைக்கு இந்தக் கோடுதான் தொடக்கம். வெயில் ஏறினால் சங்கிலி நீளும் என்பதால் வெப்பமானியை வைத்துத் திருத்தம் போட்டுக்கொண்டே போனார் லாம்டன். பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் நூறடி எஃகு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளும். நீளமான நடைபாதை உள்ள அலுவலகத்தில், சுவரோடு நூறடிக்கு ஓர் எஃகுச் சங்கிலி. முனையில் ஒரு முள். காலையில் ஒரு கோட்டிலும் மத்தியானம் வேறொரு கோட்டிலும் அது நிற்கும். தரவு, வரைபடம், மென்பொருள் என்று பிழைக்கிற நிறுவனத்துக்கு, பிழையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அளந்த ஒரு மனிதரின் கதை வேறெதையும்விட நெருக்கமானது. ஆனால் குளிர்சாதன அறைக்குள் வைத்தால் முள் அசையவே அசையாது. வெயில் படும் தாழ்வாரம் வேண்டும்.

சூரியனை வைத்தும் செய்யலாம். நமது அட்சரேகையில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தான தூணுக்கு நிழலே விழாது. நம் கடிகாரத்தில் அது 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில் நடக்கும். திறந்த முற்றம் இருந்தால், ஆண்டு முழுவதும் நிழலால் பேசிவிட்டு அந்த இரண்டு நாள் மட்டும் நிழலை உள்ளே இழுத்துக்கொள்ளும் சிற்பம் ஒன்றை யோசியுங்கள். காசியிலோ தில்லியிலோ இதைச் செய்ய முடியாது. அங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை.

பூமி சுழல்வதைக் காட்டும் பூக்கோ ஊசலைப் பலர் கேட்டு வருகிறார்கள். தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்குவதைப் பார்த்தபின் இந்த ஆசை கூடியிருக்கிறது. அங்கே ஊசலின் வீச்சு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகிறது. தாம்பரத்தின் அட்சரேகையில் அதற்கு 107 மணி நேரம், அதாவது நாலரை நாள். மணிக்கு மூன்றரை டிகிரிகூட நகராது. சாப்பாட்டு இடைவேளையில் வந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, மூன்று நான்கு மாடி உயரமும் வேண்டும். ஆகவே நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

முப்புரி

எனக்கு மிகப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையால். ஒரு தனிமத்தின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் நமக்கு வாய்த்திருக்கிறது. குரோமிய உப்பு தோலில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளுக்கு இடையே போய்ப் பிணைந்துகொள்வதால்தான் தோல் அழுகாமல் நிலைக்கிறது. அந்தக் கொலாஜன் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் கண்டு சொன்னவர்கள் யார்? கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954இலும் 1955இலும் வந்த அவர்களுடைய கட்டுரைகள், மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முச்சுருள் என்று சொல்லின. கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிரில் பார்த்து எட்டிய முடிவு அது. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்து அரங்கத்துக்கு முச்சுருள் என்றே பெயர். அமெரிக்காவில் ஜூலியன் வோஸ் ஆண்ட்ரியே என்ற சிற்பி, குவாண்டம் இயற்பியல் படித்தவர், தெற்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் இந்தக் கொலாஜன் இழை பிரிவதைப் பதினோரு அடிக்கு எஃகில் செய்து வைத்திருக்கிறார். கண்டுபிடித்த ஊரில், தோல் பதனிட்ட ஊரில், நாம் இன்னும் இரட்டைச் சுருளையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தோல் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒரு நிறுவனத்துக்காக இதைச் செய்ய முனைந்தபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தோம். சிற்பிக்கு ஐம்பது வயதுக்கு மேல், செம்புக் குழாயில் கை தேர்ந்தவர். உயிர்இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். ஒவ்வோர் இழையும் தனித்தனியே இடம்சுழி, மூன்றும் சேர்ந்து சுற்றுவது வலம்சுழி என்று அவர் தாளில் வரைந்து வரைந்து காட்டினார். சிற்பி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கயிறு திரிக்கிற மாதிரியா மேடம்?" என்றார்.

மூலையில் கிடந்த சாக்குக் கட்டிலிருந்து மூன்று தேங்காய்நார்ப் புரியை உருவி எடுத்தார். ஒவ்வொன்றையும் தொடையில் வைத்து உள்ளங்கையால் ஒரே பக்கமாக உருட்டி முறுக்கேற்றினார். மூன்றையும் சேர்த்துப் பிடித்து விட்டதும், அவை தாமாகவே எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு கயிறாயின. "ஒரே பக்கம் முறுக்கினா பிரிஞ்சிடும். எதிர்ல போனாத்தான் நிக்கும்." பேராசிரியர் அந்தக் கயிற்றுத் துண்டை வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "முப்பது வருஷமா பாடம் நடத்தினேன், இதை ஒருநாள் வகுப்புக்கு எடுத்துட்டுப் போகணும்னு தோணலையே" என்றார். நான் என் போல்ட்டை எடுத்து இருமுறை வைத்துப் பார்த்தேன், புரிக்கு ஒருமுறை, கயிற்றுக்கு ஒருமுறை. அந்த மத்தியானத்துக்குப் பிறகு மாதிரிக்கு வேறு படம் தேவைப்படவில்லை. அந்தக் கயிறு இன்றும் அந்தப் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது.

விஞ்ஞானியை முதல் நாளே அழைக்கச் சொல்வது இதற்காகத்தான். முடிந்த சிற்பத்தைக் காட்டி "சரியா?" என்று கேட்டால் அவரால் தலையசைக்க மட்டுமே முடியும். அவருக்கு மதிப்பூதியம் எழுதிக் கொடுங்கள். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம், தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரி, கிண்டியில் பல்கலைக்கழகங்கள் என்று அரை மணி ஒரு மணி தூரத்தில் ஆள் இருக்கிறார்கள்.

யாரிடம் கொடுப்பது

கல் என்றால் மாமல்லபுரம். உலோக வார்ப்பு என்றால் சுவாமிமலை. தகடு, கம்பி, வெல்டிங் என்றால் ஈஞ்சம்பாக்கத்திலிருந்து தேடத் தொடங்கலாம். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டல் ஓவியர் கிராமம் அங்கே இருக்கிறது. பி.வி. ஜானகிராமும் எஸ். நந்தகோபாலும் செம்பையும் பித்தளையையும் தகடாகத் தட்டியும் பற்றவைத்தும் செய்த சிற்பங்களை அங்குள்ள காட்சியகத்தில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். பணிக்கரே தம் கடைசிக்கால ஓவியங்களில் எழுத்துகளையும் கணக்குக் குறியீடுகளையும் வரிவரியாக நிரப்பியவர். உலோகத் தகட்டில் எவ்வளவு பேச முடியும் என்று உங்கள் நிர்வாகக் குழுவுக்கு விளக்க அந்த ஒரு மணி நேரம் போதும்.

சுவாமிமலையில் கொடுப்பதானால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஸ்தபதிகள் தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். மரபான தெய்வத் திருமேனி கனவார்ப்பு, உள்ளே வெற்றிடம் இருக்காது. 2023இல் தில்லி பாரத் மண்டபத்துக்குப் போன 27 அடி நடராஜர் சுமார் 18 டன். உங்கள் வரவேற்பறைக்கு அது ஆகாது. பொள்ளல் வார்ப்பு என்று ஆரம்பத்திலேயே சொல்லி, எடை என்ன வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூடத்துக்கு 2004இல் இந்திய அரசு பரிசளித்த நடராஜரைச் சொல்லி அதேபோல வேண்டும் என்பவர்கள் உண்டு. நுண்துகள்களின் இயக்கத்தைத் தேடுகிற இடத்தில் அந்த ஆடல் பொருந்தியது. உங்கள் தொழிலில் எது ஆடுகிறது என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃபேப்ரிகேஷன் பட்டறைகளையும் தள்ளிவிடாதீர்கள். பெருங்குடி, கிண்டி தொழிற்பேட்டைகளில் லேசர் வெட்டும் சி.என்.சி. வேலையும் செய்யும் கைகள் கணித வடிவங்களுக்கு மிகத் துல்லியமானவை. சிற்பியின் பெயரில் ஒப்பந்தம், அவர் மேற்பார்வையில் பட்டறை என்று வைத்துக்கொண்டால் இரண்டு நன்மையும் கிடைக்கும்.

மனித உருவம் கேட்டால் மூலப் படத்தைத் தேடுவதிலேயே பாதி வேலை இருக்கிறது. கணித மேதை ராமானுஜனுக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று முதுமையில் அவர் மனைவி ஜானகி அம்மாள் வருத்தப்பட்டார். அது காதில் விழுந்து, ரிச்சர்ட் ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உலகெங்குமுள்ள கணிதக்காரர்களிடம் நன்கொடை திரட்டி, மின்னசோட்டாவின் பால் கிரான்லண்ட் என்ற சிற்பியிடம் மார்பளவு வெண்கலச் சிலை செய்யக் கொடுத்தார். சிற்பிக்குக் கிடைத்த ஆதாரம் ஒரே ஒரு பாஸ்போர்ட் படம். அந்தப் படமும் இல்லாமல் போயிருக்கும், 1936இல் வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் ஜானகி அம்மாளைத் தேடிப்போய் வாங்கி வந்ததால் நமக்குக் கிடைத்தது. சிலை ஜானகி அம்மாளின் திருவல்லிக்கேணி வீட்டுக்கே வந்து சேர்ந்தது. யாருக்காக, எதற்காக என்பது இவ்வளவு தெளிவாக இருந்த ஒரு சிற்பப் பணியை நான் வேறு அறியேன்.

எடை, காற்று, உப்பு, வெள்ளம்

அலுவலகத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ வரை தாங்கும்படி வடிவமைக்கிறார்கள். ஒரு கன மீட்டர் கருங்கல் 2,700 கிலோ. ஐந்தாம் மாடி வரவேற்பறையில் கல் வைக்க ஆசைப்படுவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரிடம் பீம் எங்கே ஓடுகிறது என்று கேளுங்கள். பேஸ்மென்டில் கார் நிறுத்தம் இருந்தால் தரைத்தளமும் உண்மையில் ஒரு கூரைதான் என்பதை மறந்துவிடுகிறோம். கிரேனும் ஹைட்ரா வண்டியும் அதன்மேல் ஏறலாமா என்பது தனிக் கேள்வி.

வெளியில் வைத்தால் காற்றுக்குக் கணக்குப் போட வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் சென்னைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 வர்தா புயலை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தட்டையான தகடு பாய்மரம் மாதிரி. துளைகளும் இடைவெளியும் உள்ள வடிவம் காற்றை விட்டுவிடும். ஆங்கர் போல்ட்டின் விட்டமும் ஆழமும் பொறியாளர் கையெழுத்தோடு வரைபடத்தில் இருக்கட்டும். உயரமான உலோகமானால் எர்த்திங் போடுங்கள், இடி இறங்கும்.

கடலிலிருந்து தாம்பரம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. சோழிங்கநல்லூரோ நாவலூரோ அப்படியில்லை. உப்புக் காற்றில் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஓரிரு ஆண்டிலேயே தேநீர்க் கறைபோலப் பழுப்பேறும். பழைய மகாபலிபுரம் சாலைக்குக் கிழக்கே 316 தரம் என்று பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதி, மில் சான்றிதழும் கேளுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிவிட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. துருவையே அழகாகக் கொண்ட கார்டென் எஃகைப் பத்திரிகைப் படத்தில் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். உப்புக் காற்றில் அதன் துரு ஒரு படலமாக நின்றுவிடாது, அரித்துக்கொண்டே போகும். கடலோரத்துக்கு வேண்டாம்.

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது அங்கே உள்ள காவலாளிகளுக்கும் பெட்டிக்கடைக்காரர்களுக்கும் தெரியும். சுவரில் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேலே பீடம் இருக்கட்டும், மோட்டாரும் விளக்கு இணைப்பும் அதற்கும் மேலே. அசையும் சிற்பம் என்றால் மோட்டார் நின்றுபோன நிலையிலும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். ஏனென்றால் என்றாவது அது நிற்கும்.

காகிதத்தில்

பணத்தை நான் நான்காகப் பிரிப்பது வழக்கம்: கையெழுத்துக்கு ஒன்று, மாதிரி ஒப்புதலுக்கு ஒன்று, பட்டறையில் பார்வைக்கு ஒன்று, நிறுவிய பின் ஒன்று. கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் கழித்துத் தருவது நிறுவனத்துக்கு நிம்மதி, ஆனால் சிற்பிக்கு அது கொடுமை. பத்து சதவீதத்துக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். பொருள் வாங்கும் செலவை அவர் கடன் வாங்கிச் செய்கிறார் என்பது நினைவிருக்கட்டும். மாதிரி செய்வதற்குத் தனியாகக் காசு கொடுங்கள். மூன்று பேரிடம் இலவசமாக மாதிரி கேட்டு ஒன்றை எடுத்துக்கொள்வது தவறு, மற்ற இருவரின் உழைப்பு அங்கே வீணாகிறது. ஜி.எஸ்.டி. விகிதம், மூலக் கலைப்படைப்பு என்று பில் போடுகிறாரா ஃபேப்ரிகேஷன் வேலை என்று போடுகிறாரா என்பதைப் பொறுத்தது. கணக்குத் துறையை முதலிலேயே உட்கார வையுங்கள்.

காசு கொடுத்ததால் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், காசு கொடுத்துச் செய்யச் சொன்னவரே உரிமையாளர் என்று புகைப்படம், ஓவியம், உருவப்படம் போன்றவற்றுக்குச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் சிற்பம் இல்லை. ஆகவே ஆண்டறிக்கையில், டி-ஷர்ட்டில், நினைவுப் பரிசில் அந்த உருவத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் எழுத்தில் உரிமை மாற்றம் வாங்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்தாண்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் சிற்பியிடம் ஒன்று மிஞ்சியிருக்கும். தன் படைப்பைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை, சட்டத்தின் 57ஆம் பிரிவு. தில்லி விஞ்ஞான் பவனுக்காக 1957இல் அமர்நாத் சேகலிடம் அரசு ஒரு வெண்கலச் சுவர்ச்சிற்பம் கேட்டது. 140 அடி நீளத்தில் உழவரும் கைவினைஞரும் உழைக்கும் காட்சி. 1979இல் கட்டடத்தைச் சீரமைக்கும்போது அதைப் பெயர்த்துச் சேமிப்புக் கிடங்கில் போட்டார்கள், பகுதிகள் காணாமல் போயின. சேகல் வழக்குப் போட்டார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடம் திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் ஆணையிட்டது. அலுவலகங்கள் இடம் மாறுகின்றன, குத்தகை முடிகிறது. சிற்பத்தை நகர்த்த வேண்டி வந்தால் சிற்பிக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பெயர்க்கும்போது அவர் உடனிருப்பாரா, வேண்டாமென்றால் முதலில் அவருக்கே திருப்பித் தருவீர்களா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

பெயர்ப்பலகை தமிழில் முதலில். சிற்பியின் பெயரோடு வார்த்தவர், பற்றவைத்தவர், சரிபார்த்த விஞ்ஞானி பெயரும் வரட்டும். அறிவியல் விளக்கம் நாலு வரிக்குள், காவலாளியும் படித்துப் பார்வையாளருக்குச் சொல்கிற மாதிரி.

வைத்த பிறகு

துப்புரவு செய்பவர்களைத் திறப்பு விழாவுக்கு முன்பே அழைத்துச் சிற்பத்தின் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசுங்கள். தரை கழுவும் ஆசிட் ஒருமுறை தெறித்தால் போதும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புள்ளிப்புள்ளியாக அரிப்புத் தொடங்கிவிடும். நல்ல தண்ணீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி. கடலோரத்தில் மாதம் ஒருமுறை. செம்பு, பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், வீட்டில் அப்படித்தானே செய்கிறோம். செம்பின்மேல் வரும் நிறத்தைச் சிற்பி எண்ணித்தான் விட்டிருப்பார்.

ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைக்கும்போது சிற்பத்துக்கும் வைப்பார்கள். தடுக்காதீர்கள், அதைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. ஆனால் கல்லில் எண்ணெயும் மஞ்சளும் ஊறினால் போகாது. பீடத்தின் முன்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு செம்புத் தகடு பதித்துவிடுங்கள். சந்தனமும் குங்குமமும் அங்கே. முச்சுருள் நிற்கும் அலுவலகத்தில் அப்படித்தான் செய்தோம். முதல் ஆண்டு பூஜையன்று துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவர் தகட்டைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டு, மூன்று புரியையும் விரலால் தொட்டுப் பார்த்து, "எங்கப்பா கயிறு திரிப்பாரு சார், இப்படித்தான் இருக்கும்" என்றார்.